சுந்தரவல்லி சரக்கு வாங்கிய கடை

மந்தைவெளி சுந்தரவல்லியிடம் விசேஷச் சாப்பாடு சொன்னவர்களுக்கு ஒன்று தெரியும். என்ன சமைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லக் கூடாது. துவரம் பருப்புக்கு ஒரு கடை, நெய்க்கு ஒரு கடை, பெருங்காயத்துக்கு ஒரு கடை. ஒரு முறை கல்யாணப் பெண்ணின் அப்பா தன் தோட்டத்து முந்திரி என்று ஆசையாக ஒரு பை கொண்டுவந்தார். அவள் வாங்கி, நன்றி சொல்லி, அவர் பேத்தியின் கையில் கொடுத்துக் கொறிக்கச் சொல்லிவிட்டாள். பாயசத்தில் அவள் கடை முந்திரிதான் போயிற்று.

இன்னொரு சட்டமும் உண்டு. கவரோடு எதுவும் அவள் சமையற்கட்டில் தங்கக் கூடாது. வந்ததும் பிரித்து, முறத்தில் கொட்டி, பார்த்து, பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். எண்ணெய்கூட டின்னில் நிற்காது. அடுப்புப் பற்றவைக்கும் முன் கவர், டப்பா, பாட்டில் எல்லாம் வெளியே போய்விட வேண்டும். ஒரு சம்பந்தியின் இலையில் வத்தக்குழம்போடு சேர்ந்து மசாலா கவரின் மூலை விழுந்த நாளில் பிறந்த சட்டம் இது.

கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது அவள் சாம்பார் பொடி அரைத்து விற்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுச் சீமந்தத்துக்குச் சமைத்தாள். அங்கே சாப்பிட்டவர்கள் அடுத்த சீமந்தத்துக்குக் கூப்பிட்டார்கள். அப்படியே கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று வளர்ந்துவிட்டாள். நான் வீடுகளில் படுக்கையில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்ட தாதி. இப்போது வயதாகிவிட்டது, யாரையும் தூக்க முடியாது. அவள் விசேஷங்களில் என்னை ஒரு நாற்காலியில் உட்கார்த்தி வைப்பாள். ஹோமப் புகையில் மயங்குகிறவர், சர்க்கரை இறங்கியவர், மாத்திரையை மறந்தவர் எல்லாரும் என் பொறுப்பு. அதனால்தான் நடந்ததை முழுக்கப் பார்த்தேன்.

அவளுக்கு இல்லாதது ஒன்றுதான்: சொந்தமாக ஒரு சமையற்கட்டு. வாழ்க்கை முழுவதும் மண்டபத்து அடுப்புகளில்தான் சமைத்தாள். ஒரு மண்டபத்தில் குழாயில் தண்ணீர் வராது. இன்னொன்றில் தண்ணீர் கூரையிலிருந்து வரும். கிண்டிப் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு கருத்தரங்கக் கூடத்தின் சமையற்கட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "நர்ஸம்மா, கல்லு மேடை. இடுப்பு உயரத்துக்கு. புகை போக்கி வேலை செய்யறது!" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். யாருக்கோ பெண் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தது.

அதை மொத்தமாக ஒருவருக்குக் குத்தகைக்கு விடப்போவதாகக் கூடத்தின் மேலாளர் ராகேஷ் சொன்னான். நிபந்தனை ஒன்று வைத்தான். தி.நகர் புடவைக் கடை கணேசமூர்த்தி, தனக்குச் சரக்கு அனுப்பும் சூரத்து வியாபாரிகளுக்கு அங்கே ஒரு மாலை விருந்து கொடுக்கிறார். அவர்கள் சுத்த சைவம். அசைவம் சமைத்த பாத்திரத்தில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் ஊரில் மதுவிலக்கு. சென்னைக்கு வந்தால் ஒரு வாய் வேண்டும். மது பரிமாற லைசென்ஸ் எடுக்கிற கேட்டரிங்காரர்கள் எல்லாரும் கோழி பொரிக்கிறவர்கள். சைவம் சமைக்கிறவர்களுக்கு லைசென்ஸ் பேச்சே ஆகாது.

"ரெண்டையும் ஒருத்தரே செஞ்சு, ஒரு கேஸும் இல்லாம அந்த நாள் முடிஞ்சா, சாவி உங்களுக்கு" என்றான் ராகேஷ்.

சுந்தரவல்லி காப்பியைத் தவிர எதையும் ஆற்றிக் குடித்ததில்லை. ஆனாலும் மனு போட்டாள். அனுமதித் தாள் வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தாள். இந்த இடம், இந்த நாள், இவ்வளவு அளவு. வாங்க வேண்டியது இந்த எண்ணுள்ள அரசு மதுக்கடையில் மட்டும். வேறு கடையிலிருந்தோ, வேறு மாநிலத்திலிருந்தோ ஒரு பாட்டில் உள்ளே வந்தாலும் அனுமதி ரத்து.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தேளா! எந்தக் கடைன்னு அவாளே சொல்லிட்டா. அரசாங்கத்துல யாரோ சமைக்கத் தெரிஞ்சவா இருக்கா."

விருந்து நாளன்று மதியம் கடை திறக்கும்போது நாங்கள் இருவரும் போய் நின்றோம். அவள் சுங்குடிச் சேலை கட்டி, கையில் துணிப்பைகள் வைத்திருந்தாள். கடைக் கம்பிக்கு முன்னால் இருந்த கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்தது.

"மாமி, வழி தப்பி வந்துட்டியா? கோயிலு அந்தாண்ட கீது" என்றார் லுங்கி கட்டிய ஒருவர்.

"கோயிலுக்கு வழி நேக்குத் தெரியும். நீ வரிசையில நில்லு."

கம்பிக்குப் பின்னால் இருந்த விற்பனையாளர் எழுந்தே நின்றுவிட்டார். "இன்னா பிராண்டும்மா ஓணும்?"

"பிராண்ட் கிடக்கட்டும். இன்னிக்கு வந்ததா? பழசை என் தலையில கட்டாதே."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "மாமி, இது கத்திரிக்கா இல்ல! பழசானாதான் இதுக்கு மவுசு" என்றார் லுங்கிக்காரர்.

"எல்லாக் கடைக்காரனும் அதைத்தான் சொல்றான். ஏம்ப்பா, ஒண்ணை மூடி திறந்து காட்டு. மோந்து பார்க்கணும்."

"தொறந்தா வாங்கிடணும்மா."

"நெய்க்கடையில காட்டறாளே?"

"நெய்யி குடிச்சுட்டு யாரும் ரோட்ல உயுந்து கெடக்கறதில்லம்மா."

அதற்குள் கூட்டமே ஆலோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டது. அத வாங்காத மாமி, காலைல மண்டை பொளக்கும். இத வாங்கு, சல்லுனு எறங்கும். ஏய், உனுக்கு இன்னாடா தெரியும், மாமிக்கு ராங் ரூட்டு காட்றியா? இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். சுந்தரவல்லி துணிப்பையால் நடுவில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"சண்டை போடாதீங்கோ. எதைக் குடிச்சா மனுஷா சத்தம் போடாம வீட்டுக்குப் போவா? அதைச் சொல்லுங்கோ."

பிடித்திருந்த சட்டையை இருவரும் விட்டுவிட்டார்கள். அந்தக் கடை முன்னால் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

பிறகு அவள் அனுமதித் தாளை நீட்டினாள். விற்பனையாளர் படித்தார். மறுபடியும் படித்துவிட்டு எங்களுக்கு ஸ்டூல் போட்டார். எவ்வளவு வாங்குவது என்று அவள் என்னைக் கேட்டாள். குடித்துக் கல்லீரல் கெட்டவர்களின் வயிற்றை நிறையப் பார்த்தவள் நான். "தாளில் சொன்னதில் பாதி போதும்" என்றேன். விஸ்கி, பிராந்தி, ரம் என்று கலந்து வாங்கினோம். பில்லை அவள் ரவிக்கைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டாள். ஆட்டோவில் ஏறும்போது கூட்டம் கையசைத்து வழியனுப்பியது.

கூடத்தின் வாசலில் அடுத்த சோதனை நின்றுகொண்டிருந்தது. கணேசமூர்த்தி காரின் பின்கதவைத் திறந்து வைத்து, பல் தெரியச் சிரித்தார். உள்ளே அட்டைப்பெட்டிகள்.

"மாமி, நம்ம மச்சினன் பாண்டிச்சேரியில இருந்து கொண்டாந்தது. எல்லாம் நல்ல ரகம். நீங்க வாங்குனத ஓரமா வச்சுக்கிடுங்க, இத ஊத்துவோம். யாருக்குத் தெரியப் போவுது?"

"ஏன் சார், பக்கத்துக் கடைப் புடவையை நான் உங்க கடைக்குள்ள கொண்டு வந்து வித்தா விடுவேளா?"

"அது எப்படிங்க மாமி? என் கடைல என் சரக்குதான்."

"இந்தச் சரக்குக்கு அரசாங்கம்தான் கடைக்காரன். அவாளும் அதைத்தான் சொல்றா. காரை வெளில நிறுத்துங்கோ."

அவர் முணுமுணுத்துக்கொண்டே காரைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

சமையல் மாஸ்டர் தமிழ்மாறனிடம் துணிப்பைகளைக் கொடுத்துவிட்டு, சுந்தரவல்லி வாழை இலை வந்துவிட்டதா என்று பார்க்கப் போனாள். என்னை வியாபாரிகளில் ஒருவரின் அப்பா பிடித்துக்கொண்டார். முழங்கால் வலி. நான் தைலம் தடவிக்கொண்டிருந்தேன். சமையற்கட்டில் என்ன நடக்கிறது என்று இருவருமே பார்க்கவில்லை.

விருந்து தொடங்கும் முன் ஒரு ஜீப் வந்து நின்றது. மதுவிலக்கு அதிகாரி தாரணி, பின்னால் ஒரு காவலர். சின்னப் பெண்தான். மரியாதையாகப் பேசினாள். தாளைப் பார்த்தாள், பில்லைப் பார்த்தாள். "எல்லாம் சரியா இருக்கும்மா. சரக்கைப் பார்த்துட்டுக் கிளம்பறேன்" என்றாள்.

சுந்தரவல்லி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சமையற்கட்டுக்குள் அழைத்துப் போனாள். நாங்களும் பின்னால் போனோம். ராகேஷ் சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே வந்தான்.

அங்கே கல்மேடையில் இரண்டு அண்டாக்கள் இருந்தன. ஒன்றில் ரசம் நிறம், மற்றதில் கெட்டியான வத்தக்குழம்பு நிறம். பக்கத்தில் எவர்சில்வர் வாளிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி. வெள்ளை வேட்டி கட்டிய பரிமாறுகிறவர்கள் வரிசையாக நின்றார்கள். காற்றே கிறுகிறுத்தது.

"என்னங்க இது?" என்றாள் தாரணி.

தமிழ்மாறன் பெருமையாக முன்னால் வந்தான். "வெளுப்பா இருக்கறது விஸ்கி, பிராந்தி மேடம். கருப்பா இருக்கறது ரம்மு. நெறத்தப் பாத்துப் பிரிச்சுக் கொட்டிட்டோம். பந்திக்கு ஒரு சுத்து வரும். கேக்கறவங்களுக்கு மறு சுத்து."

"பாட்டில் எல்லாம் எங்க?"

"பாட்டில் எதுக்கு மேடம்? மாமி கிச்சன்ல கவரு, பாட்டிலெல்லாம் நிக்காது. அப்பவே போயிடுச்சு."

சுந்தரவல்லி அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாள். விசேஷ நாளில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாடியைப் பிடித்தேன். ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் கோபமாக ஓடியது.

தாரணி சிரிக்கவில்லை. "அம்மா, நான் பார்க்க வந்தது ஒண்ணுதான். இது எங்க வாங்கினது? பில்லைக் காட்டிட்டு வேற சரக்கை ஊத்தறவங்களை நாங்க தினமும் பார்க்கறோம். எந்தக் கடைன்னு பாட்டில்ல ஸ்டிக்கர் இருக்கும். அதுதான் சாட்சி. அண்டாவை வச்சு நான் என்ன எழுதறது?"

ராகேஷின் விரலில் சுழன்ற சாவி நின்றது. அவன் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். சுந்தரவல்லி அதைப் பார்த்துவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் கணேசமூர்த்தி உதவிக்கு வந்தார். அதிகாரி பாட்டில் கேட்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மனிதர் தெருவுக்கு ஓடி, காரிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மூச்சிரைக்கப் பின்வாசல் படியேறி வந்தார்.

"மேடம், பாட்டில்தான கேட்டிய? இந்தா இருக்கு! எத்தன வேணும்?"

தாரணி ஒன்றை எடுத்துப் படித்தாள். "புதுச்சேரியில் விற்பனைக்கு மட்டும்."

பாட்டிலைக் கணேசமூர்த்தியின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"அட பாவி மனுஷா" என்றாள் சுந்தரவல்லி. பிறகு எழுந்தாள். நாடி பார்த்துக்கொண்டிருந்த என் கை அந்தரத்தில் நின்றது. "மேடம், இதைப் பாருங்கோ. மூடி திறக்கலை. மூடி திறக்காத பாட்டில்லேர்ந்து அண்டாவில எப்படி விழும்?"

"இதுக்கு முன்னாடி எத்தனை திறந்தீங்களோ?"

"அப்போ நான் திறந்த பாட்டிலைக் காட்டினா போறுமா? தமிழ்மாறா! காலி பாட்டில் எங்கடா?"

தமிழ்மாறன் தலையைச் சொறிந்தான். "பாத்திரம் தேய்க்கற ரூபீனாக்கா மூட்டை கட்டிக்கினு போச்சு மாமி. வாங்குன கடையிலயே குடுத்தா பாட்டிலுக்குப் பத்து ரூபா தராங்களாம்."

"எந்தக் கடைடா?"

"நீ வாங்குன கடைதான் மாமி. வேற கடைல எடுக்க மாட்டாங்க."

சுந்தரவல்லி ஜீப்பின் பின்பக்கம் ஏறிவிட்டாள். யாரும் ஏறச் சொல்லவில்லை. நானும் ஏறினேன், அவள் ரத்த அழுத்தத்தை நம்பி விட முடியாது. தாரணி ஒரு நொடி யோசித்துவிட்டு முன்னால் ஏறினாள். சுந்தரவல்லி வழி நெடுக டிரைவரின் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தாள். "ஹாரனை அடிப்பா. அதுக்குத்தானே வச்சிருக்கு?"

கடை முன்னால் மாலைக் கூட்டம் அலைமோதியது. அதற்கு நடுவே ரூபீனாவின் குரல் தனியாகக் கேட்டது. மூட்டையைக் கம்பியின் முன்னால் வைத்து, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஒரே மதியத்துல இத்தினி பாட்டிலா?" என்று விற்பனையாளர் கேட்டுக்கொண்டிருந்தார். "யார்மா குடிச்சது? நீயா?"

"நான் ஏன் குடிக்கறேன்? அண்டா குடிச்சிது!"

"அண்டாவா? அவுரு யாரு?"

மூட்டையைப் பிரித்தார்கள். ரூபீனா பாத்திரம் தேய்க்கிறவள். எதையும் அழுக்காகக் கொடுக்கத் தெரியாதவள். பாட்டில்களைப் புளி போட்டுத் தேய்த்திருந்தாள். குத்துவிளக்கு மாதிரி மின்னின. கம்பெனித் தாள்கள் போயிருந்தன. ஆனால் கடை ஸ்டிக்கர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அரசாங்கப் பசை ரூபீனாவின் தேங்காய் நாருக்கும் மசியவில்லை.

தாரணி ஒவ்வொன்றாக எடுத்து, பில்லோடு ஒப்பிட ஆரம்பித்தாள். அதற்குள் கூட்டத்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"மேடம், மாமி நம்ம கடைலதான் வாங்கிச்சு! நான் சாட்சி!"

"பழசு ஓணான்னு சண்ட போட்டுச்சு மேடம்!"

"மோந்து பாக்கணும்னு அடம் புடிச்சுது! உண்மையா இல்லியா, கேட்டுப் பாரு!"

"எத்தனை மணிக்கு?" என்றாள் தாரணி.

ஆளுக்கொரு மணி சொன்னார்கள். ஒருவர் நேற்று என்றார். நேரம் ஒருவருக்கும் தெரியவில்லை. மாமியை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மதியம் சட்டையைப் பிடித்துக்கொண்ட இரண்டு பேரும் இப்போது தோளில் கை போட்டுக்கொண்டு, "கேஸு போட்டா எங்க ரெண்டு பேரு மேல போடு, மாமிய உட்டுடு!" என்று அழுதார்கள். தாரணி ஒரு பாட்டிலை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் படித்தாள். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

கடைசி பாட்டிலைக் கீழே வைத்தபோது முகம் சரியாகிவிட்டது. "வாங்கின இடம் சரி. கணக்கும் சரி. உங்க மேல கேஸ் இல்ல. கார்ல வந்தது அந்த சார் பேர்ல போகும். அவரை அவர் மச்சினனோட சேர்ந்து வந்து பதில் சொல்லச் சொல்லுங்க. ஆனா கலந்ததை யாருக்கும் ஊத்தக் கூடாதும்மா. என் கண் முன்னால கொட்டணும்."

சுந்தரவல்லிக்கு அதுதான் வலித்தது. ஒரு கரண்டி ரசத்தைக்கூடக் கீழே கொட்டாதவள் அவள். "அவ்வளவுமா?"

"அவ்வளவும். தாள்ல அனுமதிச்சதில இன்னும் பாதி இருக்கு. இதே கடையில வாங்கிக்கலாம். பாட்டிலை விருந்தாளி முன்னால திறங்க. காலி பாட்டில் ராத்திரி வரைக்கும் அங்கயே இருக்கணும்."

சுந்தரவல்லி இரண்டாம் முறை கம்பிக்கு முன்னால் நின்றாள். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. "அப்போ குடுத்ததையே குடு" என்றாள்.

"மாமிக்குப் புடிச்சுப்போச்சுடா!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

திரும்பி வந்ததும் தமிழ்மாறனும் பரிமாறுகிறவர்களும் அண்டாக்களைத் தூக்கிச் சமையற்கட்டு வாய்க்காலில் கவிழ்த்தார்கள். வாசனை கூடம் முழுவதும் பரவியது. சூரத்து வியாபாரிகள் ஒவ்வொருவராகக் கதவருகே வந்து நின்றார்கள். ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார். முழங்கால் வலிப் பெரியவர் என் உதவி இல்லாமல் நடந்தே வந்துவிட்டார்.

பிறகு பாட்டில்களைத் திறந்தார்கள். எவ்வளவு ஊற்றுவது என்று வேட்டிக்காரர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவன் மோர் ஊற்றுகிற மாதிரி டம்ளர் நிறைய ஊற்றப் போனான். நான் என் பையிலிருந்து மருந்து அளக்கும் சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தை எடுத்தேன். அதில் கோடு போட்டிருக்கும். அளந்து அளந்து நானே கொடுத்தேன். வியாபாரிகள் வரிசையில் வந்து, இருமல் மருந்து வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்று இந்தியில் கேட்டார். பின்பு என்றேன். இரண்டாம் முறை வந்தவர்களின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். மூன்றாம் முறை யாரும் வரவில்லை. வாழைப்பூ வடையும் சேவையும் புளிசாதமும் வந்துகொண்டே இருந்ததில் வயிற்றில் இடமும் இல்லை. கணேசமூர்த்தி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, இலையில் உட்கார்ந்து மூன்று முறை வத்தக்குழம்பு கேட்டார். எல்லாரும் சத்தமில்லாமல் அறைக்குப் போனார்கள்.

தாரணி போகும்போது சுந்தரவல்லி அவளிடம் ஒரு தூக்கு நிறைய வடையை நீட்டினாள். தாரணி வாங்கவில்லை. டிரைவரும் காவலரும் நின்று ஆளுக்கு இரண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ராகேஷ் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். "நாளைக்கே எடுத்துக்கோங்க மாமி."

"நாளைக்கு என்ன நாள்?" என்று பஞ்சாங்கம் பார்த்தாள். நல்ல நாள். மறுநாள் காலை பால் காய்ச்ச நாங்கள் எல்லாரும் போனோம்.

கதவைத் திறந்ததும் நாங்களே ஓரடி பின்வாங்கினோம். வாய்க்காலில் ஊறிய சரக்கு இரவெல்லாம் மூடிய அறையில் நின்று கனத்திருந்தது. கிண்டியில் மதுக்கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. அங்கே காத்து நின்றவர்களை இங்கே கூட்டி வந்திருந்தால் மூச்சு விட்டே திருப்தியாகப் போயிருப்பார்கள். ரூபீனா சுடுதண்ணீரையும் சோப்பையும் கொண்டு வாய்க்காலோடு சண்டை போட்டாள். தமிழ்மாறன் சாம்பிராணி போட்டான். இரண்டு வாசனையும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று கிளம்பியது. அவன் சிரிக்க ஆரம்பித்தான். ரூபீனாவும் சிரித்தாள். வேடிக்கைக்குச் சிரித்தார்களா, காற்றில் இருந்த போதைக்கா என்று எனக்கே தெரியவில்லை. ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் ஐந்து நிமிடம் வெளியே நிற்க வைத்தேன்.

சுந்தரவல்லி மட்டும் உள்ளேயே இருந்தாள். இடுப்பு உயரக் கல்மேடையைக் கையால் தடவிக்கொண்டு, மூக்கைப் புடவைத் தலைப்பால் பொத்தியபடி, பாலை அடுப்பில் வைத்தாள்.

"மாமி, வெளிய வாங்க. தலை சுத்தும்" என்றேன்.

"சுத்தட்டுமே, நர்ஸம்மா. என் அடுப்பு, என் தலை" என்றாள். பால் பொங்கியது.